கொல்லிமலைக்குப் போகும் பிரெஞ்சு டீச்சருக்கு

கண்ணு,

புதுச்சேரியில் நீ பிரெஞ்சு படித்து முடித்தபோது, சென்னையில் ஏதாவது பெரிய பள்ளியில் சேர்வாய் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நீயோ கொல்லிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாய். சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்க வேண்டும், சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிரெஞ்சு சொல்லித்தரத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார் என்றாய். "சின்னப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது பெரியம்மா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. பணிக்காலம் முழுக்க ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். தப்பும் தவறுமாகத்தான் கற்றுக்கொண்டேன். அதில் தேறியதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் பயிற்சி முறைகளும் உனக்கே தெரியும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் குணத்தைப் பற்றி.

1. போன உடனே கற்பிக்கத் தொடங்காதே. முதல் சில வாரம் காதைத் திறந்து வைத்துக்கொள். உன் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். பெயரைக் கேட்டுவிட்டு மலையாளம் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். அந்த மலைக்கே உரிய ராகமும் சொற்களும் கொண்ட தமிழ். அது உனக்குப் புரியாத இடம் வந்தால் பிள்ளைகளிடமே கேள். டீச்சருக்கே ஒன்றைச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, அடுத்த நாள் உன் பாடத்தைத் தலை நிமிர்ந்து கேட்கும். நூறு வருடத்துக்கு முன்னால் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்று ஓர் ஆங்கிலத் தம்பதி இதே மலையில் வந்து குடியிருந்தார்கள். அவர்கள் மகன் பால் பிராண்டும் அங்கேதான் வளர்ந்தார். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர். கணவர் 1929இல் காய்ச்சலில் இறந்த பிறகும் எவ்லின் அம்மையார் அந்தப் பக்கத்து மலைகளை விடவில்லை. 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமாகும்வரை மலைமக்களோடுதான் இருந்தார். மத நோக்கத்தோடு வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மலையேறுவதற்கு முன்னால் தமிழைக் கற்றுக்கொண்டு ஏறினார்கள். நீ தமிழச்சி என்பதால் அந்த வேலை உனக்கு மிச்சம் என்று நினைத்துவிடாதே.

2. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. பிள்ளைக்குத் தன் வீட்டுப் பேச்சைப் பற்றி வெட்கம் வரும்படி எதையும் செய்யாதே. சிரித்துவிடாதே, முகம் சுளிக்காதே, 'அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்' என்று அவர்கள் தமிழைத் திருத்திக்கொண்டிராதே. பிரெஞ்சு என்றாலே நாகரிகம் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிரான்சிலேயே நடந்த கதையைக் கேள். மேற்குக் கோடியில் பிரெத்தான் மொழி பேசுகிற பகுதி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் அங்கே பள்ளியில் ஒரு பிள்ளை வாய் தவறி வீட்டு மொழி பேசிவிட்டால், மரச்செருப்பையோ வேறு ஏதாவது ஒரு கட்டையையோ அதன் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பிள்ளை, வீட்டு மொழி பேசுகிற இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அந்தக் கட்டை அதன் கழுத்துக்கு மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தெற்கே ஒக்சித்தான் பேசிய பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அந்தத் தெற்கத்திப் பேச்சில் எழுதிய ஃபிரெதெரிக் மிஸ்த்ரால் என்ற கவிஞருக்கு 1904இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனாலும் இந்த வட்டார மொழிகளைப் பள்ளிக்குள் விடுவதற்கு ஒரு சட்டம் வர 1951 ஆயிற்று. அதற்குள் தாத்தா பாட்டி பேசிய மொழி பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன குடும்பங்கள் எத்தனையோ. நம் ஊரில் கழுத்தில் கட்டை மாட்டுவதில்லை. தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் போடுகிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வெட்கப்பட்ட பிள்ளை வாயைத் திறக்காது. வாயைத் திறக்காத பிள்ளைக்கு நீ எந்த மொழியையும் கொடுக்க முடியாது.

3. பிரெஞ்சு உச்சரிப்பு கஷ்டம், மலைப் பிள்ளைகளுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரெஞ்சில் மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் இருக்கின்றன அல்லவா, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறுகிற இடம்? 'அவன் வந்தான்' என்பதை வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பார். கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே போய்த் தொடுகிறதா? தொடாது. 'ஆ' மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடும். 'மரம்' என்று சொல்லும்போதும் உதடு மூடுவதில்லை. போன்ஜூரின் முதல் அசைக்கு வேண்டியது அதேதான். மேடைத் தமிழில் இது கிடையாது. வீட்டுத் தமிழில்தான் இருக்கிறது. ஆகவே பேச்சுத் தமிழை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிற டீச்சர், பிள்ளையிடம் இருந்த பாதிப் பிரெஞ்சு ஒலிகளையும் வெளியே விடச் சொல்கிறாள். 'ஊ' என்று உதட்டைக் குவித்து, குவித்தபடியே 'ஈ' என்று சொல்லச் சொல். பிரெஞ்சுக்காரர்களின் அந்த விசித்திர உயிரும் வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள். தொண்டையிலிருந்து வர வேண்டிய 'ர' வரவில்லையா? விடு. தெற்குப் பிரான்சிலும் கனடாவின் கெபெக்கிலும் பழைய தலைமுறையில் நம்மைப்போல் நாக்கு நுனியால் 'ர' சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களை யாரும் பிரெஞ்சு தெரியாதவர்கள் என்று சொல்லவில்லை.

4. பேசாத பிள்ளையைப் பேச வைக்க முயலாதே. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஜூன் மாதம் சேர்ந்தவள் தீபாவளி வரைக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல் சொல்லவில்லை. உட்கார் என்றால் உட்காருவாள், சிவப்புப் பென்சிலை எடு என்றால் எடுப்பாள், அவ்வளவுதான். 'இவளுக்குக் காது மந்தமோ' என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கேட்டார். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவன் இடித்துவிட்டான். அவள் திரும்பி, நான் தினமும் வகுப்பில் சொல்கிற வாக்கியத்தை, 'தள்ளாதே, உன் முறை வரும்' என்பதை, என் குரலிலேயே, என் கை அசைவோடு சேர்த்துப் பிரெஞ்சில் சொன்னாள். மாதக்கணக்காக உள்ளே சேர்த்து வைத்திருக்கிறாள்! மொழியை ஆராய்கிறவர்கள் இதை மௌனப் பருவம் என்கிறார்கள். பிள்ளையின் மௌனத்தைப் பார்த்து உனக்கு வருகிற பதற்றம் உன்னுடையது; அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதே. இன்னொன்றும் இதில் இருக்கிறது. அவள் எடுத்துக்கொண்டது பாடப்புத்தக வாக்கியத்தை அல்ல, நான் கோபம் இல்லாமல் சொன்ன ஒரு வாக்கியத்தை. கத்தியிருந்தேனென்றால் கத்தலைத்தான் எடுத்திருப்பாள்.

5. எழுத்தைத் தள்ளிப் போடு. தமிழ்ப் பிள்ளைக்கு எழுதியதைப் படிக்கத் தெரியும். இருக்கும் எழுத்தையெல்லாம் உச்சரிக்கும். பிரெஞ்சிலோ சொல்லின் கடைசியில் நிற்கும் எழுத்துகளில் பாதி வாயே திறக்காது. காதில் விழுந்து, வாயில் புழங்கி, பிறகு கண்ணில் படட்டும். என் காலத்தில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். 20இல் தொடங்கி ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வருவார்கள். பிள்ளை சரியாக எழுதிய முப்பது சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. 'சைபர்' என்று சிவப்பு மையில் வாங்கிப் போன பையன் வீட்டில் நோட்டைக் கூரையில் செருகி வைத்திருந்தான் என்று அவன் அம்மா சொன்னார். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை எண்ணப் பழகு. தெரியாததை எண்ண ஊரில் ஆள் நிறைய இருக்கிறது.

6. தப்பாகச் சொன்னதைத் திருத்தாதே, திருப்பிச் சொல். பிள்ளை தப்பாகச் சொன்னதை நீ சரியாகச் சொல்லிப் பதில் கொடுத்துவிட்டு மேலே போ. 'தப்பு' என்ற சொல் வகுப்பில் விழவே வேண்டாம்.

7. கொல்லிமலைப் பிள்ளை ஒன்று உன்னை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. கிராமத்துப் பிள்ளைகள் அம்மாவையும் பாட்டியையும் நெருக்கமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்; உன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். பிறகு பிரெஞ்சு வகுப்பில் 'த்யூ'வும் 'வூ'வும் வரும், நம் 'நீ'யும் 'நீங்க'ளும் மாதிரி. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேற்றுமையை நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். யாரிடம் எது என்று அவர்களே உனக்குச் சொல்வார்கள். நாய்க்குட்டியிடம் எது, தலைமையாசிரியரிடம் எது, சாமியிடம் எது என்று கேட்டுப் பார். சாமிக்கு எது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரெஞ்சுக்காரர்களே அதில் ஒரு காலத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தவர்கள்தான். அந்த ஒரு மணி நேரம் உனக்கு வேலையே இருக்காது.

8. கற்பிக்கும் பொருளை அந்த மலையிலிருந்து எடு. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை எண்ணாமல் இருக்க மாட்டார்கள். எண்களுக்கு இதைவிடப் பாடப்புத்தகம் வேண்டுமா? வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சில் அறுபத்தொன்பது வரை எண்கள் ஒழுங்காக வரும். எழுபதை 'அறுபது-பத்து' என்பார்கள். எண்பது 'நான்கு இருபது'. தொண்ணூற்றொன்பது 'நான்கு இருபது பத்தொன்பது'. கொல்லிமலைச் சாலை சரியாக அந்தத் தலைவலி தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது! எழுபதாவது வளைவைத் தாண்டினால் சோளக்காடு வந்துவிடும், சந்தை இருக்கும், பேச்சை மாற்றிவிடலாம். பலா, மிளகு, மலைவாழை, காபி எல்லாம் அங்கே கையெட்டும் தூரத்தில். அன்னாசியின் பிரெஞ்சுப் பெயரை முதல் நாளே சொல், பிள்ளைகள் தங்கள் சொல்தான் என்று உரிமை கொண்டாடுவார்கள்.

சுவரில் ஈஃபிள் கோபுரத்தின் படத்தை மட்டும் ஒட்டிவைக்காதே. பாரிசைக் காட்டி ஆசையூட்டுவது சுலபம். அதில் பிள்ளைக்குத் தன் ஊர் சிறுத்துத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஒரு கணக்கையும் எழுதிப் போடு. கோபுரம் 330 மீட்டர். உன் பிள்ளைகள் தூங்கி எழுகிற இடம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே.

9. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, எனக்குத் தெரிந்ததே போதும் என்று ஒரு நாளும் நினைக்காதே. தினமும் கொஞ்சம் பிரெஞ்சு படி, வானொலி கேள், சத்தம் போட்டுப் பேசிப் பார். மலையில் உன்னோடு அந்த மொழி பேச ஆள் இருக்காது. பேசாத மொழி ஒரே வருடத்தில் நாக்கை விட்டுப் போய்விடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொள். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையிடம் ஒரு பையன், 'மதாம், மேசை ஏன் பொம்பளை, கட்டில் ஏன் ஆம்பளை?' என்று கேட்டான். உயர்திணைக்கு மட்டும் ஆண்பால் பெண்பால் பார்த்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு வர வேண்டிய நியாயமான சந்தேகம். 'மென்மையான பொருளெல்லாம் பெண்பால்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். மறுவாரம் கல்லும் பெண்பால் என்று பாடத்தில் வந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, அவரை ஏறிட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அவன் ஒரு தடவை புரட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டான். 'அவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தால் போதுமே.

10. வீட்டிலேயே கொஞ்சம் மொழி உள்ள பிள்ளையை உன் செல்லப் பிள்ளையாக்கிக்கொள்ளாதே. இந்தப் பாடம் எனக்குப் புதுச்சேரி கற்றுக்கொடுத்தது. இங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கு 1826இலிருந்து வரலாறு இருக்கிறது. 1962இல் ஆட்சி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அதனால் ஒரே வகுப்பில், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்து 'சொல்தா'வாக இருந்து ஓய்வூதியம் வாங்குகிற வீட்டுப் பிள்ளையும் இருக்கும், போன்ஜூரையே முதன்முதலில் என் வாயால் கேட்கிற மீனவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். கேள்வி கேட்டால் முந்தி வருகிற கை எந்த வீட்டுக் கை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கையை நோக்கியே பாடம் நடத்துவது எவ்வளவு சுகம் தெரியுமா! வகுப்பு அருமையாக நடப்பதுபோலவே இருக்கும். நானும் அந்தச் சுகத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். மலையிலும் இது உண்டு. கீழே ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ இங்கிலீஷ் மீடியத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்த பிள்ளை ஒன்று உன் வகுப்பில் இருக்கும். அதன் பதிலை வைத்து வகுப்பை எடைபோடாதே. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாடம் நடத்து.

11. பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக்காதே. விருந்தாளிகள் வருவார்கள். 'பழங்குடிப் பிள்ளைகள் பிரெஞ்சில் பாடுகிறார்களா!' என்று செல்போனை நீட்டுவார்கள். பாட்டு வேண்டும்தான், ஃபிரேர் ஜாக் மெட்டு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் பொருள் தெரியாமல் ஒப்பித்த பாட்டு விருந்தாளிக்குப் பயன்படும், பிள்ளைக்குப் பயன்படாது. கைதட்டல் உனக்குத்தான் கிடைக்கிறது என்பதையும் கவனி.

12. தமிழின் இடத்தில் பிரெஞ்சை உட்கார வைக்காதே. தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்குப் போனதும் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். மொழிமேல் ஆசையா? இல்லை, மதிப்பெண் சுலபமாக வரும் என்று. அப்படிப் படித்துத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளைகளிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கேட்கத் தெரியாது. தமிழும் போய், பிரெஞ்சும் வராமல் நிற்பார்கள். பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்க 2006இல் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு மாநிலம் தன் மொழியைப் படிக்கச் சொல்லத் தானே சட்டம் போட வேண்டிய நிலை. எங்கள் ஊரில் பாரதிதாசன் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஊரிலிருந்து போகிற நீ, தமிழர் மலையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும்போது தமிழ் தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள். ஆங்கிலமோ பிரெஞ்சோ எடுப்பதற்கு முன்னால், பிள்ளை தமிழில் ஒரு பக்கம் தானாகப் படிக்கிறதா என்று பார். படிக்கவில்லை என்றால் உன் சனிக்கிழமை மணி நேரத்தைத் தமிழ்க் கதைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிடு. பிரெஞ்சு காத்திருக்கும்.

13. வராத பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேள். மிளகு பறிக்கும் காலத்தில் வீட்டில் ஒவ்வொரு கையும் கணக்கு. ஆடி பதினெட்டில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அந்த வாரம் வகுப்பு காலியாகத்தான் இருக்கும். நீயும் விழாவுக்குப் போ. உன்னை அங்கே பார்த்த அப்பா அம்மாக்கள் மறுநாள் பிள்ளையைத் தாங்களே கொண்டுவந்து விடுவார்கள். வீடுகளுக்குப் போகும்போது 'உங்கள் பிள்ளை பிரெஞ்சு பேசுகிறான்' என்று பெருமையடிக்காதே. அவர்கள் கவலை வேறு. பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறதா, இரவில் அழாமல் தூங்குகிறதா என்று சொல். அதைச் சொல்லத் தெரிந்துவைத்திரு.

14. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று சொல்லி உன்னை அவசரப்படுத்துவார்கள். வளைக்கிறேன் என்று ஐந்திலேயே ஒடித்துவிடாதே. ஆரம்பப் பள்ளி முடியும்போது பிள்ளை சரளமாகப் பேச வேண்டும் என்பதில்லை. அந்நியர் ஒருவர் அந்நிய மொழியில் கேட்டால் ஓடி ஒளியாமல் நின்று முகத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் அது நடக்கும். அதற்கு மேல் நடந்தால் உன் அதிர்ஷ்டம். உனக்கு மனம் சரியில்லாத நாளில் புதுப்பாடம் எடுக்காதே. பழையதை விளையாட விடு.

15. கடைசியாக ஒன்று. அது விடுதிப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அம்மாவைப் பார்க்காமல் இருப்பவர்கள். புதிதாக வருகிற டீச்சர் அன்பாகப் பேசி, ஐந்தாறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விடுவதை அவர்கள் பார்த்துப் பழகியிருப்பார்கள். குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, மழைக்காலத்தில் சிக்னல் கிடைக்காது, சென்னையிலிருந்து நல்ல சம்பளத்தில் அழைப்பு வரும். எப்போது வேண்டுமானாலும் வேலையை விடுகிற உரிமை உனக்கு உண்டு, நான் தடுக்கவில்லை. ஆனால் கல்வியாண்டின் நடுவில் விடாதே. ஏப்ரல் வரை இருந்து, பரீட்சை முடித்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரில் சொல்லிவிட்டு இறங்கு.